கொல்லைவழியாக எட்டிப்பார்த்தால் கு. அழகிரிசாமி

முன்வாசல் வழியாகப் போனால் கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்த கு. அழகிரிசாமி. பாடப்புத்தகத்தில் ஒரு சின்னப் படம், பிறந்த ஊர், இறந்த ஆண்டு, "ஆசிரியர் குறிப்பு வரைக" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. இன்றைக்கு அந்த வாசல் வேண்டாம். பின்கட்டுக் கதவு தாழ் போடாமல்தான் இருக்கிறது. சத்தம் காட்டாமல் உள்ளே நுழைந்து பார்த்துவிடலாம். கதை எழுதிய கையில் அச்சு மை ஒட்டியிருந்தது எப்படி, ஒரு மனுஷன் பகலெல்லாம் அடுத்தவர் எழுத்தைத் திருத்திவிட்டு எப்போது தன் எழுத்துக்கு உட்கார்ந்தார், கதைக்குள் வரும் அந்த அம்மா யார்? இந்த மாதிரி சமாச்சாரங்கள்தான் எனக்கு வேண்டும். உங்களுக்கும் வேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நாற்கரச் சாலையில் கயத்தாறுக்கு முன்னால் இடைசெவல். பஸ் வேகமாகப் போனால் ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சுற்றிலும் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில் வானம் இறங்கினால் உழவு, விதைப்பு. இறங்காவிட்டால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது. மழை பெய்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் காலை உள்ளே விடுகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து. ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. கண்மாயும் கிணறும் மேகமும்தான் ஊருக்குத் துணை.

இந்த ஒரு கிராமத்தில் இரண்டு சாகித்ய அகாடமி விருது! கு. அழகிரிசாமிக்கு 1970, கி. ராஜநாராயணனுக்கு 1991. எந்தப் பெருநகரத்துத் தெருவாவது இப்படி மார்தட்டட்டும், பார்ப்போம். இருவரும் பிள்ளைப் பிராயத்துச் சேக்காளிகள். இருவரும் செப்டம்பரில் பிறந்தவர்கள். ராஜநாராயணன் 16ஆம் தேதி, அழகிரிசாமி 23ஆம் தேதி. இருவர் வீட்டிலும் தெலுங்கு பேச்சு, வெளியே கரிசல் தமிழ். ராஜநாராயணனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. அழகிரிசாமி கோவில்பட்டி உயர்நிலைப் பள்ளி வரை போய்ப் படித்து முடித்தார். ஒருவர் ஊரிலேயே சம்சாரியாக நின்றார், இன்னொருவர் ரயில் ஏறினார். கரிசல் இலக்கியம் என்று இன்று ஆய்வேடுகள் எழுதித் தள்ளுகிறோமே, அதன் ஆரம்பக் கூட்டணி இந்த இரண்டு பையன்கள்தான்.

சரி, இந்த இரண்டு பேருக்கும் இளவயதில் எதில் பைத்தியம் என்று நினைக்கிறீர்கள்? கதையிலா? சங்கீதத்தில்! விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடக்கூடியவர் என்று பெயர் பெற்றவர். அவர் பாட்டுக்கு இருவரும் அடிமை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியிலேயே குடியிருந்தார். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் 'சிங்காரவேலனே தேவா' பாட்டோடு போட்டி போட்ட நாயனம் அவருடையது. இந்த வெக்கை பூமியில் இவ்வளவு சங்கீதமா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஜமீன், கோவில் கொடை, கல்யாணம், கழுகுமலைத் திருவிழா என்று வருஷம் முழுக்க மேளம் கேட்டு வளர்ந்த சனம். கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அழகிரிசாமிக்குத் தெரிந்திருந்ததே, அது பாட்டுக் கேட்டு வந்த கணக்கு என்பது என் கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள்.

படிப்பு முடிந்ததும் வேலை. கொஞ்ச காலம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. "வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் பாதை, இந்த நான்கெல்லைக்குட்பட்ட" என்று நாளெல்லாம் எழுதுகிற உத்தியோகம். அந்தக் காலத்தில் கிராமத்துப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சர்க்கார் சம்பளம், பென்ஷன் எல்லாம் வரிசையாக நிற்கும். ஆனால் 1943இல் 'ஆனந்த போதினி'யில் 'உறக்கம் கொள்ளுமா?' என்று ஒரு கதை வெளிவந்துவிட்டது. முதல் கதை. அதோடு குமாஸ்தாவின் உறக்கம் போச்சு. வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போய் அதே 'ஆனந்த போதினி'யில் ஆசிரியர் குழுவில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கார் வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போனவனை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அங்கிருந்து 'பிரசண்ட விகடன்', 'தமிழ்மணி', பிறகு 'சக்தி'. பெயர்கள் மாறினாலும் மேஜை ஒன்றுதான்.

இப்போது அந்த மேஜைக்குப் பின்னால் நிற்போம். கணினி வருவதற்கு முந்தைய பத்திரிகை அலுவலகம். உள்ளறையில் வரிசையாகக் கேஸ்கள். ஒவ்வொரு குழியிலும் ஈய எழுத்து. ககரத்துக்கு ஒரு குழி, கொக்கிக்கு ஒரு குழி, ணை, லை, னை எல்லாம் அப்போது தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. கம்பாசிட்டர் கையெழுத்துப் பிரதியைக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டு, எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார், அதுவும் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக. அடுக்கியதற்கு மை தடவி நீளத்தாளில் ஒற்றி எடுத்தால் காலி புரூஃப். அது உதவி ஆசிரியர் மேஜைக்கு வரும். ஓரத்தில் கோடு இழுத்து, எழுத்துப் பிழையைச் சுழித்து, விட்டுப்போன சொல்லை மேலே செருகி, திரும்பவும் உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே ஒரு சொல்லை நுழைத்தால் அந்தப் பத்தி முழுக்க நகரும். கம்பாசிட்டரின் முகம் கறுக்கும். ஆகவே திருத்துகிறவர் நுழைக்கிற சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல்லை எடுத்துவிடப் பார்ப்பார்.

பக்கங்களைச் சேர்த்துப் பாரம் கட்டும்போதுதான் உண்மையான கூத்து. கட்டுரை நாலு வரி கூடிப்போச்சு என்பார் போர்மேன். வெட்டு. இங்கே ஆறு வரி குறைகிறது என்பார். எழுது! நின்ற நிலையில் ஒரு துணுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய பெயரும் போடாமல் அச்சாகும் அந்தத் துணுக்குகளில் எத்தனை எந்தப் பெரிய எழுத்தாளர் எழுதியவை என்று கண்டுபிடிக்க இனி ஆண்டவன்தான் வர வேண்டும். ஒரு கதைக்காரருக்கு இது நரகமா, பயிற்சிக்கூடமா? இரண்டும்தான். அழகிரிசாமியின் வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். நகாசு இல்லை. உவமைகளை வாரி இறைக்கிற ஆசை இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாலு வரி வெட்டு, ஆறு வரி எழுது என்று வருஷக்கணக்காகப் பழகிய கை அப்படித்தான் எழுதும் என்று நான் நம்புகிறேன்.

'சக்தி' அலுவலகம் தனிக் கதை. ராயவரத்துச் செட்டியார் வை. கோவிந்தன் 1939இல் தொடங்கிய பத்திரிகை. புத்தகம் போடுவதில் அந்த மனுஷருக்கு இருந்த வேகத்துக்கு ஒரே ஒரு சான்று போதும்: 1957இல் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். அவருடைய 'சக்தி'யில் தி.ஜ. ரங்கநாதன் ஆசிரியராக இருந்திருக்கிறார். பிறகு தொ.மு.சி. ரகுநாதனும் கு. அழகிரிசாமியும் அங்கே சேர்ந்து வேலை பார்த்தார்கள். கற்பனை செய்து பாருங்கள்: ஒரே அறையில் ரகுநாதன், அழகிரிசாமி. ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் காரம், மற்றவர் கரிசலின் நிதானம். வருகிற கதைகளை இவர்கள் இருவரும் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கதை அனுப்பிய புது எழுத்தாளர்களுக்கு எப்படிக் காய்ச்சல் கண்டிருக்கும்! உலக இலக்கியத்தைத் தமிழில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. நார்வேக்காரர் நட் ஹாம்சன் எழுதிய விவசாயி நாவல்கூட க.நா.சு. கையால் 'நிலவளம்' ஆகித் தமிழ் வாசகரின் கைக்கு வந்த தலைமுறை. அழகிரிசாமியும் தன் பங்குக்கு மாக்ஸிம் கார்க்கியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

'ராஜா வந்திருக்கிறார்' இந்தச் 'சக்தி' காலத்துக் கதை. உங்களில் பாதிப்பேருக்குக் கதை தெரியும். தெரியாதவர்களுக்காக ஓட்டமாகச் சொல்கிறேன். தீபாவளி சமயம். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பெருமை அடிக்கிறார்கள்: உன்னிடம் அது இருக்கிறதா, என்னிடம் இது இருக்கிறதே! பணக்கார வீட்டுப் பையன் ராமசாமிக்குச் சொல்லிக்கொள்ள எல்லாம் இருக்கிறது. ஏழை வீட்டு மங்கம்மாளுக்கும் அவள் உடன்பிறப்புகளுக்கும் வாய் மட்டும்தான் இருக்கிறது. ராமசாமி வீட்டுக்குப் பெரிய இடத்து மாப்பிள்ளை வருகிறார், ராஜா! இந்தப் பக்கம், மங்கம்மாளின் வீட்டு வாசலில் ஓர் அநாதைப் பையன் வந்து நிற்கிறான். உடம்பில் துணி இல்லை, மேலெல்லாம் அழுக்கும் சிரங்கும். பெயர் கேட்டால் ராஜா என்கிறான். அந்த வீட்டு அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கட்டிக்கொள்ள என்ன கொடுப்பது? கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டு ஒன்று இருக்கிறது. அதைத் தொடும்போது அவள் மனசு படுகிற பாட்டை அழகிரிசாமி ஒரு பிசிறில்லாமல் எழுதியிருப்பார். துண்டு கைமாறுகிறது. மறுநாள் மங்கம்மாள் ராமசாமியிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பதில்தான் கதையின் தலைப்பு.

அந்த அம்மாவின் பெயர் தாயம்மாள். இப்போது பின்கட்டு ரகசியம்: இடைசெவலில் கு. அழகிரிசாமியைப் பெற்றவளின் பெயரும் தாயம்மாள்!

எனக்கு இது தெரியவந்தபோது குதித்துவிட்டேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. யாருடைய வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டினாலும் முதல் வரியில் இருக்கிறது, குருசாமி தாயம்மாள் தம்பதியின் மகன் என்று. ஆனால் நாம் வாழ்க்கைக் குறிப்பை ஒரு கண்ணாலும் கதையை மறு கண்ணாலும் படிக்கிற ஆட்கள். பெற்ற அம்மாவின் பெயரை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எடுத்துக் கதைக்குள் வைத்துவிட்டு, எங்கும் டமாரம் அடிக்காமல் அவர் இருந்துவிட்டார். கதை நடக்கிற வீட்டில் இருந்த வறுமையும் சென்னையில் கற்பனையில் கண்டது அல்ல என்று அந்த ஒரு பெயரே சொல்லிவிடுகிறது.

'அன்பளிப்பு'க்கு வாருங்கள். இதில் பின்கட்டு இன்னும் அகலமாகத் திறக்கிறது, ஏனென்றால் கதை சொல்லுகிறவரே பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆள். ராத்திரி வெகுநேரம் வேலை செய்துவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகும் தூங்குகிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் படை எடுத்து வந்து எழுப்புகின்றன. அவருடைய அறையில் இருக்கும் புத்தகங்கள்தான் குறி! ஒரு பத்திரிகைக்காரனின் தனியறை எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்குக் கிடைத்த நேரடி ஜன்னல் இது. இந்த மனிதர் தனக்குப் பிடித்த இரண்டு குழந்தைகளுக்குப் புத்தாண்டு டைரி பரிசு கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். பையன் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சுகிறான். அவர் போகிறார். உபசாரம் எல்லாம் நடக்கிறது. அப்புறம் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து, பேனாவையும் கொடுத்து, "எழுதுங்கள்" என்கிற மாதிரி நிற்கிறான். அந்த டைரியை வாங்கியவன் அவனே. அதில் அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித்தர வேண்டும்!

முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் யார் யாருக்கு டைரி கொடுக்காமல் விட்டேன் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பட்டியல் யாருக்கும் சின்னதாக இருக்காது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த சங்கதி இங்கேதான் இருக்கிறது. புரூஃப் பார்க்கிறவரின் கண் விட்டுப்போனதைத் தேடும் கண். எல்லா எழுத்தும் சரியாக இருக்கிற வரியில் எந்த எழுத்து காணோம் என்றுதான் அது பார்க்கும். அழகிரிசாமியின் நல்ல கதைகள் எல்லாமே விட்டுப்போன ஆளைப் பற்றியவை. டைரி கிடைக்காத சாரங்கன். தீபாவளித் துணி இல்லாத ராஜா. 'சுயரூபம்' கதையில் பலகாரக் கடை வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் மாடசாமித் தேவர்: வயிறு பசி, பேச்சு முழுக்கக் குடும்பப் பெருமை, கடனுக்கு நாலு இட்லி கேட்க வாய் வரவில்லை. 'திரிபுரம்' கதையில் பஞ்சத்துக்கு ஊரை விட்டு நடக்கும் தாயும் மகளும், கடைசியில் அந்தப் பெண் சிரிக்கிற சிரிப்பு. இந்த ஆட்களை வைத்து ஆவேசமாகப் பிரசங்கம் பண்ணியிருக்கலாம். அந்தக் காலத்தில் அதற்குக் கைதட்டலும் கிடைத்திருக்கும். இவர் செய்தது விட்டுப்போன இடத்தில் ஒரு சுழி போட்டுக் காட்டியது மட்டும்.

பிற்பாடு தனக்குப் பிறந்த மகன்களில் ஒருவருக்கு அந்தச் சாரங்கனின் பெயரையே வைத்தார் என்பதையும் காதில் போட்டுவிடுகிறேன். கதையில் டைரி கிடைக்காதவனுக்கு வீட்டிலேயே இடம் கொடுத்துவிட்டார் போல.

1953இல் கப்பல் ஏறினார். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்'. 1924இல் தொடங்கி 2019 ஜனவரி வரை நடந்த நாளிதழ் அது. தோட்டப்புறத்துத் தமிழர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட பத்திரிகை. இவர் போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியிருந்தார்கள். பத்திரிகையிலேயே பாடம்! கதை எப்படி எழுதுவது என்று நாளிதழில் வகுப்பெடுத்த தேசத்துக்கு நம்மூர்க்காரர் போய்ச் சேர்ந்தார். புது எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார், எழுதியதை நேருக்கு நேர் விமர்சித்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துப் போக முடிவதில்லை. அங்கேதான் 1955இல் சீதாலட்சுமியோடு திருமணம். 1957இல், மலாயா சுதந்திரம் வாங்கிய அந்த ஆண்டில், குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார்.

இத்தனை ஊர் சுற்றலிலும் அறுபடாத கயிறு ஒன்று உண்டு. தபால். சென்னையிலிருந்து, கடல் தாண்டி, எங்கே போனாலும் இடைசெவலுக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. ராஜநாராயணன் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தார். கரிசல்காட்டு வீட்டில், எலிக்கும் கரையானுக்கும் தப்ப வைத்து, கடுதாசிகளைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? பின்னால் அவை புத்தகமாகவே வந்தன. இன்னொரு பக்கம், கடுதாசி எழுதியே கை பழகிய கி.ரா. 1958இல் 'சரஸ்வதி'யில் 'மாயமான்' கதையோடு இலக்கியத்துக்குள் வந்தார். நண்பன் முதல் கதை வெளியிட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து! சம்சாரிக்கு எல்லாம் பருவம் பார்த்துத்தான்.

வானொலிப் பக்கமும் ஒரு கண் போட்டுவிடலாம், ஏனென்றால் அந்தத் தலைமுறை எழுத்தாளர்களுக்குப் பத்திரிகைக்கு அடுத்த அடுப்பு அதுதான். சென்னை நிலையம் 1938இல், திருச்சி 1939இல். தி. ஜானகிராமன் சென்னை வானொலியில் பள்ளி ஒலிபரப்பில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாவல்களை எழுதினார். சுகி சுப்பிரமணியன் வானொலி நாடகத்தோடே வாழ்ந்தார். அகிலனும் பின்னால் அங்கே போனார். மாதச் சம்பளம், பென்ஷன், மின்விசிறி. அழகிரிசாமி மட்டும் மையும் ஈயமுமாகவே கிடந்தார். திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்த பிறகு கோவில்பட்டி டீக்கடைகளில் விவசாயச் செய்தியும் நாட்டுப்புறப் பாட்டும் நம்ம பக்கத்துப் பேச்சிலேயே கேட்க ஆரம்பித்தன. அந்தப் பேச்சை அதற்கு முன்பே ஈய எழுத்தில் கேட்கவைத்தவர் நம்ம ஆள் என்று மைக்கைப் பிடித்துச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

சென்னைக்குத் திரும்பி வந்தும் மேஜை விடவில்லை. காந்தி நூல் வெளியீட்டில் மொழிபெயர்ப்பு, 1960இலிருந்து ஐந்தாண்டுகள் 'நவசக்தி'. திரு.வி.க. 1920இல் தொடங்கிய அதே பெயர். இவர் போனபோது அது காங்கிரஸ்காரர்களின் நாளிதழ். தினசரி வேலை எப்படிப்பட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நேற்று ராத்திரி உயிரைக் கொடுத்துத் திருத்திய பக்கத்தில் இன்றைக்கு மத்தியானம் வேர்க்கடலை மடிக்கிறார்கள். அந்தச் சந்தடியில் நாவல் எழுதினார், கம்பனை நாயகனாக வைத்து 'கவிச்சக்கரவர்த்தி' நாடகம் எழுதினார், கட்டுரை எழுதினார். கூடவே ஒரு காரியம் செய்தார், கோவில்பட்டிக்காரர்கள் அதற்கு அவருக்குத் தனியாக ஒரு சல்யூட் அடிக்க வேண்டும்: அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். சென்னிகுளத்துக் கவிஞர், கழுகுமலை முருகன் மேல் பாடியவர், 1891இல் முப்பது வயதைத் தொடாமலே போனவர். திருவிழாவில் பிள்ளைகள் வாய்வழியாகப் பாடித் திரிந்த பாட்டை, ஒரு பத்திரிகைக்காரர் உட்கார்ந்து பாடம் பார்த்து, கவிஞரின் வரலாற்றையும் எழுதினார். சங்கீதப் பைத்தியமும் புரூஃப் பார்க்கும் கண்ணும் கைகோத்த இடம் அதுதான்.

'குமாரபுரம் ஸ்டேஷன்' இல்லாமல் இந்தச் சுற்றுலா முடியாது. மதுரை–தூத்துக்குடி ரயில் பாதையில் கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே அந்த நிலையம் நிஜமாகவே இருக்கிறது. சுற்றி ஊர் இல்லை, கடை இல்லை, காடு. இங்கே எதற்கு ஒரு ஸ்டேஷன் என்று எவனுக்கும் தோன்றும். கதையிலும் ஒருவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பிறகு ரயில் பெட்டிக்குள், கோவில்பட்டி ஹைஸ்கூலில் சேரப் போகிற கிராமத்துப் பையன்கள் நாலு பேரைப் பார்த்ததும் அவர் நினைப்பு தடம் மாறுகிறது. ஒன்றுமே நடக்காத கதை என்பார்கள் சிலர். கோவில்பட்டியில் வண்டியை விட்டு இறங்கி ஹைஸ்கூலை முதன்முதலாகப் பார்த்த பையனிடம் போய்க் கேளுங்கள், ஒன்றுமே நடக்கவில்லையா என்று. இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்குப் படிக்க வந்த ஒரு பையன்தான் இந்தக் கதையை எழுதினான் என்பதை மறந்துவிட்டுப் படித்தால்கூட, அந்தப் பெட்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் குமாரபுரத்தில் நிற்பதில்லை. ஜன்னல் ஓரம் கிடைத்தால் மஞ்சள் பலகையை எட்டிப் பிடிக்கலாம். கண் சிமிட்டினால் போச்சு.

1970இல் 'சோவியத் நாடு' பத்திரிகையில் வேலை கிடைத்தது. கொஞ்சம் மூச்சு விடலாம் என்கிற மாதிரி ஓர் இடம். ஜூலை 5ஆம் தேதி இறந்துபோனார். வயது 46. அந்த ஆண்டு சாகித்ய அகாடமி விருது 'அன்பளிப்பு' தொகுதிக்கு அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. நண்பர் கி.ரா. அதன் பிறகு அரை நூற்றாண்டு இருந்து, 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமானார். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் எழும்பிவிட்டது, 2022இல் திறந்தார்கள். கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், பூமணிக்கும் சோ. தர்மனுக்கும் அகாடமி வந்த ஊர், தேவதச்சனும் கோணங்கியும் நடமாடும் ஊர். இலக்கியக்காரர்களுக்கு இங்கே பஞ்சம் வந்ததே இல்லை, மழைக்குத்தான் வரும். அழகிரிசாமி பெயரில் ஒரு வாசகசாலையாவது, அதில் ஒரு பழைய கேஸும் நாலு கிலோ ஈய எழுத்தும் வைத்து, பிள்ளைகளைத் தொட்டுப்பார்க்கவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. எந்தக் கமிட்டியிலும் நான் இல்லை, சொல்லி வைக்கிறேன்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பழ. அதியமான் பதிப்பித்த முழுத் தொகுப்பு காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. தலையணை கனம். எல்லோரும் 'ராஜா வந்திருக்கிறார்' கதையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் கேட்டால் 'சுயரூபம்' என்பேன். ராஜாவைப் படித்தால் அழகிரிசாமி நல்ல மனுஷன் என்று தெரியும். சுயரூபத்தைப் படித்தால் அவர் எவ்வளவு பொல்லாத எழுத்தாளர் என்று தெரியும். பசித்த ஆளைப் பார்த்து நம்மைச் சிரிக்கவைத்துவிட்டு, சிரித்ததற்குக் கூச்சப்படவும் வைக்கிற வேலை அதில் நடக்கிறது. கோவில்பட்டியில் இதை நான் சொன்னால் சண்டைக்கு வர நாலு பேர் இருக்கிறார்கள். வரட்டும். 'திரிபுரம்'தான் உச்சம் என்று அவர்களில் ஒருவர் சாதிப்பார், இன்னொருவர் 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்பார், டீ ஆறிப்போகும், இன்னொரு டீ சொல்ல வேண்டியிருக்கும்.